மாசியில் கொட்டத் தொடங்கிய தலைமயிர்

என் மகள் பதினொரு நாள் இருந்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளையின் தலைமயிரை இறக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரைக்கும் அவள் இருக்கவில்லை. அதனால் அவளுக்குப் பெயர் இல்லை. இப்போதும் அவளை நினைக்கும்போது ‘பிள்ளை’ என்றுதான் நினைக்கிறேன்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி. அச்சுவேலிக்குக் கிட்ட, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. எனக்கு இருபத்தாறு வயது, கலியாணமாகி இரண்டு வருடம். பேறுகாலத்துக்குத் துணையாக அம்மா உடுவிலிலிருந்து வந்திருந்தார். அவர் வந்த அடுத்த கிழமை இந்திய ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. ஊரடங்கு போட்டார்கள். வீதியில் தலை காட்டினால் சுடுகிறார்கள் என்று வேலிக்கு வேலி செய்தி வந்தது. எனக்கு வயிற்றுக்குத்துக் கண்டபோது ஆஸ்பத்திரி என்ற சொல்லையே ஒருவரும் எடுக்கவில்லை. பின்வளவு வேலிகளில் ஆள் நுழையும் பொட்டுகளுக்குள்ளால் புகுந்து புகுந்து ஒரு மருத்துவிச்சி வந்து சேர்ந்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தாள். நல்ல நிறை. பாலும் நன்றாகக் குடித்தாள்.

எட்டாம் நாள் அவளுக்கு உடம்பு காய்ந்தது. ஒன்பதாம் நாள் பால் குடிக்க மறுத்தாள். அன்று காலை என் கணவர் சைக்கிளின் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாரத்துண்டைக் கட்டினார். “நான் முதல் சந்தி மட்டும் போய்ப் பாத்திட்டு வாறன். வழி விட்டாங்கள் எண்டால் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்” என்றார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, “போகேலாது” என்ற ஒரு சொல்தான் சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் முகம் கேட்கக் கூடியதாக இருக்கவில்லை.

பதினோராம் நாள் விடிந்து சூரியன் ஏறியபிறகு, பிள்ளை என் மடியிலேயே மூச்சை விட்டாள். சுடலைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. தோட்டத்தின் பின்மூலையில், தேசிமரத்துக்குப் பக்கத்தில் என் கணவரும் பக்கத்து வளவு ஐயாவும் கிடங்கு வெட்டினார்கள். எனக்குப் பால் நிற்கவில்லை. நெஞ்சு கல்லாகிக் கொதித்தது. அம்மா வளவில் பூத்த மல்லிகைப் பூவை அள்ளிவந்து துணியில் பரப்பி என் நெஞ்சில் இறுக்கிக் கட்டினார். பால் வற்றுவதற்கு அதுதான் மருந்து. அந்த வாசத்தோடு ஐந்தாறு நாள் படுத்திருந்தேன்.

இதெல்லாம் ஐப்பசியில். நான் சொல்ல வந்தது மாசியில் நடந்தது.

எனக்கு இடுப்புக்குக் கீழ் இறங்கிய தலைமயிர் இருந்தது. கலியாணப் பேச்சில் நிறத்துக்குப் புள்ளி குறைத்தவர்கள்கூடத் தலைமயிருக்குக் கூட்டிப் போட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது அது இன்னும் பொலிந்தது. சீப்பில் ஒரு மயிர் வராது. கொண்டை போட்டால் கழுத்து நோகும். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அரப்பும் தேசிக்காயும் அவித்து வைத்துக் கிணற்றடியில் முழுகினேன். தலையைக் கசக்கிய கையை எடுத்தால் விரல்களுக்கிடையில் மயிர் கற்றையாக வந்தது. திரும்பத் திரும்ப அலசினேன். திரும்பத் திரும்ப வந்தது. வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் அடைத்துக்கொண்டு நின்றது. என் கணவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து குனிந்து கையால் அந்த அடைப்பை இழுத்தார். ஈரமாய்ச் சுருண்ட மயிர். ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும். அதைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு வேலியோரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு நாளும் கொட்டியது. தலையணையில், சோற்றுப் பானையில், கூட்டிய முற்றத்தில். நெற்றியின் இரண்டு பக்கமும் வெளித்து, வகிடு விரல் அகலத்துக்கு வந்தது. அம்மா உடுவிலுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்தார். வரும்போதெல்லாம் ஒரு கைமருந்து வந்தது. செவ்வரத்தை இலையை வழுவழுவென்று அரைத்துத் தலையில் அப்பினார். ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசினார். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை உச்சியில் வைத்துச் சூடுபறக்கத் தேய்த்தார். தேய்த்த கையிலும் மயிர் வந்தது. ஒன்றும் கேட்காமல்போக, யாரோ சொன்னதைக் கேட்டு வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

எங்கள் தோட்டத்து வெங்காயந்தான். அம்மா அதை இடித்துச் சாறு பிழிந்து, வெளித்த இடங்களில் வைத்து உரஞ்சினார். முதல்நாள் எரிந்தது. மூன்றாம் நாள் நெற்றியோரம் கொப்பளம் போட்டது. நான் கையைத் தட்டிவிட்டேன்.

“எரிவு தாங்கேலாமல் கிடக்கு, அம்மா. விடுங்கோ.”

“எரிஞ்சால்தான் மயிர் முளைக்கும், பிள்ளை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.”

“முளைக்க வேண்டாம். விடுங்கோ எண்டு சொல்லுறனெல்லோ.”

அம்மா கையைக் கழுவிவிட்டு அடுப்படியில் போய் இருந்து அழுதார். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தார்.

முளைக்க வேண்டாம் என்று நான் சொன்னது எரிச்சலில் வந்த வார்த்தை இல்லை. என் பெரிய மாமி ஒருமுறை பார்க்க வந்தவர், என் தலையைக் கண்டுவிட்டுச் சொன்னார்: “மனக்கவலையிலை கொட்டுது. பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்கு வேறை என்ன நடக்கும்?” அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை செத்தபோது நான் பெரிதாக அழவில்லை. வெளியே சத்தம் போடக்கூடாது என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. பிறகு அழுகை வரவில்லை. என் தலைமயிராவது அவளுக்காக அழுகிறதே என்று நினைத்தேன். சீப்பில் வந்ததையெல்லாம் சுற்றி, பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த பவுடர் டின்னுக்குள் போட்டு வைத்தேன். பிறகொரு காலத்தில் அந்த டின்னைக் காணவில்லை. அம்மாவைக் கேட்டேன். “என்ன டின்?” என்றார். எரித்திருப்பார்.

பங்குனியில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். வீட்டில் இருக்க ஏலவில்லை. சைக்கிளில் கால்மணி நேரத் தூரத்தில் ஒரு சின்னச் சவர்க்காரத் தொழிற்சாலை இருந்தது. தொழிற்சாலை என்பது பெரிய பெயர். தகரக் கொட்டில், இரண்டு பெரிய கொப்பரை, கட்டி வெட்டுகிற மேசை, எட்டுப் பெண்கள். தேங்காய் எண்ணெயையும் காரத்தையும் காய்ச்சி உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் செய்வார்கள். நானும் இன்னொரு பெண்ணும் ஆறிய பாளத்தைக் கம்பியால் கட்டிகளாக அறுத்து அடுக்க வேண்டும்.

முதல் கிழமையிலேயே கை வெடித்தது. விரல் மடிப்புகளில் தோல் உரிந்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டு எரியும். மேசையில் எனக்கு எதிரே நின்ற பெண் அதைக் கவனித்துவிட்டார். குருநகரைச் சேர்ந்தவர். புருஷன் கடலுக்குப் போகிறவர், சண்டையோடு இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் சொந்தக்காரர் வளவில் இருந்தார்கள். முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுத்த கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. நான் அவரை அக்கா என்பேன்.

“காரம் தின்னுது. வேலைக்கு இறங்க முன்னம் கையிலை தேங்காய் எண்ணெய் பூசு. முடிஞ்ச உடனை சும்மா தண்ணியிலை நல்லா, கனக்கக் கழுவு. சவர்க்காரம் போட்டுக் கழுவாதை. பிறகு ஒருக்கா எண்ணெய் பூசு. வேறையொண்டும் வேண்டாம்” என்றார்.

அப்படிச் செய்து பார்த்தேன். பத்து நாளில் கை தேறியது. அம்மாவின் கைமருந்துகளால் களைத்துப் போயிருந்த எனக்கு, ஒன்று சொன்னபடி வேலை செய்தது என்பதே பெரிய அதிசயமாக இருந்தது.

ஒருநாள் காலை, அறுத்து அடுக்கிய கட்டிகளைப் பார்க்க வந்த முதலாளி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். சவர்க்காரத்துக்குள்ளிருந்து நீளமாக ஒரு தலைமயிர் தொங்கியது. “ஆற்றை மயிர் இது? சவர்க்காரத்துக்கை மயிர் கிடந்தால் சனம் வாங்குமோ?” என்று சத்தம் போட்டார். எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். நான் தலையில் துணி கட்டித்தான் இருந்தேன். துணிக்குள்ளாலும் கொட்டியது. முதலாளி போனபிறகு, அக்கா என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். துணியை அவிழ்த்து, நெற்றியோரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“எத்தினை மாசம்?”

“என்ன எத்தினை மாசம், அக்கா?”

“பிள்ளை பெத்து எத்தினை மாசம் எண்டு கேக்கிறன்.”

அங்கே ஒருவரிடமும் நான் பிள்ளை பெற்றதைச் சொல்லியிருக்கவில்லை. கலியாணமாகிப் பிள்ளையில்லாதவள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே விட்டிருந்தேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு நாலு பிள்ளையள். நாலுக்கும் இப்பிடித்தான், மூண்டாம் நாலாம் மாசத்திலை கொட்டினது. நெத்தியோரம் உதே மாதிரி வெளிக்கும். மூத்தவனுக்குக் கொட்டேக்கை நான் மொட்டையாகப் போறன் எண்டு புலம்பினனான். பிறகு எல்லாம் வந்திட்டுது. சரி, கைப்பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வாறாய்? அம்மா பாக்கிறாவோ?”

“இல்லை.”

“பின்னை?”

“செத்துப்போச்சு அக்கா. பதினொரு நாளிலை.”

அவர் கையை என் தலையிலிருந்து எடுக்கவில்லை. கொட்டிலுக்குள் யாரோ கொப்பரையைக் கிண்டும் சத்தம் கேட்டது. “மாதாவே” என்றார். பிறகு மெதுவாக, “உடம்புக்கு அது தெரியாது தங்கச்சி. பிள்ளை பெத்தது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்” என்றார்.

நான் அங்கேயே குந்தியிருந்து அழுதேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த அழுகை. அவர் அந்தச் சொல்லை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அது இரண்டாம் முறை பறிகொடுத்தது போல இருந்தது. என் தலைமயிர் அவளுக்காக அழவில்லை. பிள்ளை உயிரோடிருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் கொட்டுவதுபோலக் கொட்டுகிறது. என்னைத் தாய் என்று அந்தக் கொட்டிலில் கண்டுபிடித்ததும் அதே தலைமயிர்தான். இரண்டையும் எப்படி வைத்து யோசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா விடவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். என் கணவர்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த நாட்களில் சந்திகளில் காவல் இருந்தாலும் வீதி திறந்திருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் போகமுடியாதிருந்த அதே வீதி. பின்சீட்டிலிருந்த நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சந்தியைக் கடக்கும்போது அவர் முதுகு இறுகியதைக் கண்டேன்.

வெளிநோயாளர் பகுதியில் இருந்த டொக்டர் ஒரு பெண். களைத்த முகம், ஆனால் அவசரப்படவில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். தலையைக் குனியச் சொல்லி வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். கொப்பளம் போட்டு ஆறிய இடங்களைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்டார்.

“வெங்காயச் சாறு, டொக்டர்.”

“உதை விடுங்கோ. தோலைச் சுட்டதுதான் மிச்சம்.” பிறகு விளக்கினார். “பிள்ளை வயித்திலை இருக்கேக்கை விழவேண்டிய மயிர் விழாமல் நிக்கும். அதுதான் அப்ப பொலிஞ்சு தெரியிறது. பிள்ளை பிறந்தாப் பிறகு அவ்வளவும் சேர்த்து விழும். வேர் செத்துப்போகேல்லை. ஒரு வருசத்துக்குள்ளை தானாய் வரும். உங்களுக்கு ரத்தமும் குறைவாய்க் கிடக்கு, அதாலை கொஞ்சம் கூடக் கொட்டுது. இரும்புக் குளிசை தாறன். முருங்கையிலை, பொன்னாங்காணி, மீன், முட்டை சாப்பிடுங்கோ. ஈரத்தலையை இழுத்து வாராதையுங்கோ. கொண்டையை இறுக்கிப் போடாதையுங்கோ. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தலைக்குப் போடவே கூடாது.”

“கவலையிலை கொட்டுதில்லையோ, டொக்டர்?”

அவர் துண்டில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். துண்டின் மேலே பிள்ளை இறந்ததை அவரே குறித்திருந்தார்.

“கவலையிலையும் கொட்டும். உங்களுக்கு எதாலை எவ்வளவு எண்டு என்னாலை பிரிச்சுச் சொல்லேலாது” என்றார்.

அந்தப் பதிலுக்காக அவரை இன்றுவரை நினைத்திருக்கிறேன்.

வாசலில் காத்திருந்த என் கணவர் காலைச் சொறிந்துகொண்டு நின்றார். டொக்டர் கதவால் எட்டிப் பார்த்து, “அந்தக் காலிலை என்ன?” என்று கேட்டார். அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். இடது காலின் முன்பக்கம், கணுக்காலுக்கு மேலே, உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்துத் தடித்து மாட்டுத்தோல்போல இருந்தது. நகம் பட்ட கோடுகளில் இரத்தம். கரப்பன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மருந்து அடித்தது பட்டிருக்கும் என்றார்.

“எப்ப தொடங்கினது?” என்று டொக்டர் கேட்டார்.

“கார்த்திகையிலை.”

“நீங்கள் சொறியச் சொறியத் தோல் தடிக்கும். தடிக்கத் தடிக்கக் கடிக்கும். கடிக்குது எண்டு திரும்பச் சொறிவியள். இது முடியாது. களிம்பு தாறன். ஆனால் களிம்பை விட முக்கியம், குளிச்ச உடனை ஈரம் காயமுன்னம் எண்ணெய் பூசி, மெல்லிய பருத்தித் துணியாலை சுத்திக் கட்டி வைக்கோணும். கை அங்கை போகக்கூடாது. நகத்தையும் வெட்டுங்கோ.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் கட்டி விடுங்கோ. இவர் தானாய்ச் செய்யமாட்டார்” என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவர் கிணற்றடியிலிருந்து வந்து விறாந்தைப் படியில் இருப்பார். நான் கீழே இருந்து அவர் காலை என் மடியில் வைத்து, எண்ணெயும் களிம்பும் பூசி, பழைய வெள்ளைச் சேலையில் கிழித்த துணியைச் சுற்றிக் கட்டுவேன். பிள்ளை செத்தபிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டதே அப்போதுதான். முதலில் ஒன்றும் கதைக்க மாட்டோம். வெங்காயம் பிடுங்குவது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்று ஏதாவது வரும். மூன்றாம் கிழமை, காலின் தடிப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. நான் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று சொன்னார்.

“இஞ்சேர். அண்டைக்குச் சந்தியிலை ஒருத்தரும் நிக்கேல்லை.”

நான் நிமிரவில்லை. எந்த நாள் என்று கேட்கவும் இல்லை.

“வெறும் ரோட்டு. ஒரு நாய் படுத்திருந்தது. வேறை ஒண்டும் இல்லை. சுட்டவங்கள் எண்டு நீ நினைச்சிருப்பாய். மறிச்சவங்கள் எண்டு நினைச்சிருப்பாய். ஒருத்தரும் மறிக்கேல்லை. அந்த ரோட்டைப் பாக்க எனக்குக் கால் நடுங்கிப்போச்சு. திரும்பீட்டன்.”

என் கையிலிருந்த துணி பாதிச் சுற்றில் நின்றது.

“அண்டைக்குப் போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்குமோ தெரியாது. போகேலாது எண்டு உனக்குச் சொன்னது பொய். அதைத்தான் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான்.”

நான் அவர் காலை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். எழும்பி அடுப்படிக்குப் போனேன். அரிசி களைந்தேன், உலை வைத்தேன், எல்லாம் செய்தேன். நான்கு நாள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போவேன். அவரும் கூப்பிடவில்லை. வேலையிடத்தில் அக்காவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் கணவரை யாரும் ஒரு மாதிரி நினைப்பதை என்னால் தாங்கமுடியாது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஐந்தாம் நாள் முற்றத்தில் அவர் நடந்து போனபோது கால் முழுக்க இரத்தக் கோடு. மூன்று கிழமை ஆற்றியதை நான்கு நாளில் கிழித்து வைத்திருந்தார். நான் எண்ணெய்ச் சிரட்டையையும் துணியையும் எடுத்துக்கொண்டு போய்ப் படியடியில் இருந்தேன்.

“வாங்கோ. காலைத் தாங்கோ.”

அவர் வந்து இருந்தார். நான் பூசிக் கட்டினேன். அவரை மன்னித்தேனா என்று என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ரோட்டில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் போயிருப்பேன் என்றுதான் மனம் சொல்லும். மனம் வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்வது.

ஆவணியில் அவர் கால் ஆறியது. தோலின் கறுப்பு மட்டும் மாறவில்லை. அதே மாதம் ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது, என் நெற்றியோரம் முழுக்கக் குட்டை மயிர்கள் நேராக நிமிர்ந்து நின்றன. எண்ணெய் வைத்தாலும் படியவில்லை. மழைக்குப் பிறகு தோட்ட வரம்பில் புல் வருமே, அந்த மாதிரி. அம்மா கண்டுவிட்டு நல்லூருக்கு நேர்த்தி வைத்ததைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்கு அந்த மயிரைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. அவள் என் உடம்பில் விட்டுப்போன கடைசி அடையாளமும் சுகமாகிப் போகிறது என்று நினைத்தேன். ஒரு வருடத் துவசத்துக்கு முன் என் தலை பார்வைக்கு முன்போல ஆகிவிட்டது. கண்டவர்கள் எல்லோரும் என்னைத் தேறிவிட்டாள் என்றார்கள்.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. தொண்ணூறுக்குப் பிறகு சாமான் வருவது நின்று, சவர்க்காரத் தொழிற்சாலையை மூடினார்கள். அக்கா குடும்பம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். சவர்க்காரத்துக்கு விலை ஏறி, கடைசியில் காசுக்கும் கிடைக்காமல் போனபோது நாங்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். உடுப்பு வெளுக்கும், பனம்பழம் மணக்கும். தலைக்கு அரப்பு இருந்தது, தேசிக்காய் மரத்தில் இருந்தது. அந்த மரத்தடியில் நான் தேசிக்காய் பிடுங்கப் போவதில்லை. அவர்தான் பிடுங்கி வருவார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊரே எழும்பியது. பீரங்கிச் செல் விழுந்துகொண்டிருந்தது. சைக்கிளில் ஒரு அரிசி மூட்டை, ஒரு பாய், இரண்டு சட்டி. அம்மா அதற்கு முந்தின வருடமே இறந்துபோனார். புறப்படும்போது என் கணவர் பின்வளவுத் தேசிமரத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். அவர் வந்தபிறகு நான் போனேன். சேர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எட்டுக் குடும்பம் இருந்தோம். மழை. ஒரு கிணற்றுக்கு நானூறு பேர். இரண்டாம் கிழமையில் எல்லாத் தலையிலும் பேன். பிள்ளைகள் சொறிந்து சொறிந்து கழுத்தெல்லாம் புண். ஒரு தாய் மண்ணெண்ணெயைத் தன் மகளின் தலையில் ஊற்றிவிட, தோல் எரிந்து பிள்ளை கத்தியது. நான் ஓடிப்போய்க் கழுவி விட்டேன். அன்றிலிருந்து வகுப்பறைப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தலையை நனைத்து, இருக்கிற எண்ணெயில் கொஞ்சம் தடவி, பேன்சீப்பால் அடியிலிருந்து நுனிவரை கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிரித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கொருமுறை திரும்பவும் செய்யவேண்டும், ஈர் பொரிக்கும். பொறுமைதான் வேண்டும். எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

பிள்ளைகளின் பேன் என் தலைக்கும் ஏறியது. இடுப்புவரை இருந்த தலைமயிரை அந்தக் கிணற்றில் கழுவ வழியில்லை. ஒருநாள் காலை, பக்கத்துக் குடும்பத்திடம் கத்தரிக்கோல் வாங்கி என் கணவரிடம் கொடுத்தேன்.

“கழுத்தோடை வெட்டி விடுங்கோ.”

“விசர்க்கதை கதையாதை.”

“வெட்டுங்கோ. தலைமயிர்தானே. வளரும் எண்டு எனக்குத் தெரியும்.”

அவர் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் இருந்தார். நான் கீழே முதுகைக் காட்டி இருந்தேன். அறையின் மறுபக்கத்தில் சிறுமிகள் ஐந்தாறு பேர் தங்கள் முறைக்காகச் சீப்போடு வரிசையாக நின்றார்கள். கத்தரிக்கோல் மழுங்கல். ஒரு பிடியை வெட்ட நாலு தரம் நெரிக்க வேண்டியிருந்தது. முதல் பிடி விழுந்தது. இரண்டாவது பிடி விழுந்தது. பிறகு கத்தரிக்கோல் நின்றது.

“உவையளோடை நிண்டிருப்பாள்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தச் சிறுமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு வயசு. உந்த நடுவிலை நிக்கிறாளே, உவளின்ரை உயரம் இருந்திருப்பாள்.”

சொல்லிவிட்டு வாய்விட்டு அழத் தொடங்கினார். எட்டு வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை. எட்டுக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது வயது மனிதர் ஏங்கி ஏங்கி அழுதார். மண்ணெண்ணெய் ஊற்றிய தாய் எழும்பி வந்து சிறுமிகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பாதி வெட்டிய தலைமயிர் ஒரு பக்கம் தோளிலும் ஒரு பக்கம் இடுப்பிலுமாகக் கிடந்தது.

கொஞ்சம் ஆறியபிறகு, முகத்தைச் சாரத்தில் துடைத்துவிட்டு, மிச்சத்தையும் வெட்டி முடித்தார். கழுத்து குளிர்ந்தது. கீழே கிடந்த மயிரையெல்லாம் பொறுக்கி ஒரு பேப்பரில் சுற்றினார். எங்கே போடுவது என்று கேட்டார். முற்றத்திலும் வேலியோரத்திலும் எல்லா இடமும் சனம். எங்கேயாவது போடுங்கோ என்றேன். அவர் அந்தப் பொட்டலத்தோடு மழைக்குள் இறங்கிப் போனார். வெகுநேரம் கழித்து நனைந்துகொண்டு வெறுங்கையோடு வந்தார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. சிறுமிகளைக் கூப்பிட்டு, முன்னுக்கு நின்றவளின் தலையை நனைத்து, சீப்பை எடுத்தேன்.